நகர்த்தாத கழி

அக்டோபர் 6

இது அவருடைய நோட்டு. கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு, இறக்கம் எத்தனை மணிக்கு என்று தினமும் எழுதியிருக்கிறார். செப்டம்பர் 14-ஓடு நிற்கிறது. மிச்சப் பக்கம் வீணாய்க் கிடப்பானேன் என்று எடுத்தேன். நான் படித்தது ஐந்தாவதுதான். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்த ஆள் இல்லை.

இன்று குழாயடியில் ஒருத்தி, "உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் அவசரக்காரர்ல, பாவம்" என்றாள். இந்தப் பேச்சைக் கிளப்பியது என் கொழுந்தன். அவரைக் கரையில் கிடத்தியிருந்தபோதே சொன்னான்: "அண்ணன் கழியப் பாக்காம படகைக் குறுக்க விட்டுருக்கும்."

அவரா? குழம்பில் உப்பில்லை என்று சொல்லவே ஒரு வாரம் யோசிக்கிற மனுஷன்.

அக்டோபர் 7

இரண்டு தம்ளர் எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15

கால்வாய் கடலில் சேருமிடத்தில் மணல் திட்டு உண்டு. மழைக்கு மழை அது இடம் மாறும். ஆழமான வழியைக் காட்ட ஒரு கழி நட்டிருக்கும், தலையில் துணி கட்டி. அந்தத் துணி என் பழைய சேலையில் கிழித்தது. உள்ளே வரும்போது எவன் படகு தரை தட்டுகிறதோ, அவன் அங்கேயே நின்று, துடுப்பால் ஆழம் பார்த்து, கழியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பின்னால் வருகிறவன் உயிர் அதில் இருக்கிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

படகுத் தச்சர், அன்று திட்டில் மோதிக் கவிழ்ந்த நம் படகுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே மாசத்துல அண்ணன் தம்பி ரெண்டு பேர் படகுக்கும் அடிப்பலகை போடுறேன் தங்கச்சி" என்றார், ஏதோ பேச்சுக்கு.

"தம்பி படகுக்கு என்னண்ணே?"

"மணல்ல உரசிப் பிளந்திருந்துச்சு. அண்ணனை எடுத்த மறுநாளே கொண்டுவந்தானே..."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. உளியைக் கீழே வைத்துவிட்டார்.

அக்டோபர் 16

போய்க் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, அன்னிக்கு உன் படகு தட்டுச்சா இல்லையா?"

தட்டைப் பார்த்தபடியே, "பலகை பழசு அண்ணி" என்றான்.

ஓரகத்தி உள்ளேயிருந்து வந்தாள். "புருஷனை முழுங்கியாச்சு. கொழுந்தனையும் முழுங்கணுமாக்கா?"

நான் முழுங்கினேனாம்!

அன்று மழை. குளிர். வீட்டில் சூடாகச் சோறு. நாளைக்கு நட்டுக்கலாம் என்று வந்துவிட்டான் — இவ்வளவுக்குத்தானா? இந்த ஒரு தட்டுச் சோத்துக்கா என் மனுஷன் போனாரு?

நவம்பர் 4

படகை இறக்கினேன். தச்சர் மட்டும் வந்து தள்ளிவிட்டார்.

மீன் எடுக்கிற வியாபாரி, "என்னம்மா கையில, துடுப்பா அகப்பையா?" என்றான்.

"எதுவா இருந்தாலும் உன் மண்டைக்கு அளவா இருக்கும்" என்றேன். கரையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 21

ஈரச் சேலையை இன்னும் மாற்றவில்லை. எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் மழையோடு திரும்பினேன். கழியை ஒட்டித்தான் வந்தேன். படகு தரை தட்டிச் சாய்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் குதித்துத் தள்ளி உள்ளே கொண்டுவந்தேன். திட்டு மறுபடி நகர்ந்திருக்கிறது. மற்ற படகெல்லாம் முன்பே வந்தாயிற்று. வெளியே இருந்தது ஒரே படகு. கொழுந்தனுடையது.

படகில் உட்கார்ந்து கழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழைதானே. குளிர்தானே. நாளைக்கு நட்டுக்கலாமே. யாராவது கேட்டால் பலகை பழசு என்று சொன்னால் போச்சு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்? கொஞ்ச நேரம் என்று எழுத ஆசை. கொஞ்ச நேரம் இல்லை.

பிறகு இறங்கினேன். துடுப்பால் குத்திக் குத்திப் பார்த்தேன். வழி பத்து முழம் தள்ளிப் போயிருந்தது. பிடுங்கி நட்டேன். அவனுக்காக இல்லை. அந்தக் கழியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் அவர் தம்ளரை நான் எப்படித் தொடுவது?

நட்டுவிட்டுப் படகில் ஏறும்போதே அவன் வந்தான். கழி இடம் மாறியிருப்பதைப் பார்த்து வளைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் வந்ததும் கேட்டான்.

"யாரு அண்ணி நட்டது?"

"தட்டினவ."

துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நவம்பர் 22

காலையில் கரையில் எல்லாரும் வலை பிரித்துக்கொண்டிருந்தபோது சொன்னான்: "அன்னிக்கு நான் தட்டினேன். கழிய நடல. அண்ணன் மேல தப்பில்ல."

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கேட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தேன். வியாபாரி தலையைக் குனிந்துகொண்டான். யாரோ இருமினார்கள். அப்புறம் எல்லாரும் வலையைப் பிரித்தார்கள்.

காலில் விழ வந்தான். காலை இழுத்துக்கொண்டேன். விழுந்து எழுந்தால் அவனுக்கு லேசாகிவிடும்.

நவம்பர் 23

ஏற்றம் காலை 5.40. இறக்கம் பகல் 11.50.

கழி நட்ட இடத்திலேயே நிற்கிறது. துணி நைந்துவிட்டது. அவர் சட்டையில் ஒன்றைக் கிழித்துக் கட்டினேன்.