அப்பாவின் பெயரைக் கேட்ட கூட்டம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எம்ரிஸ் தேர்தலில் ஜெயித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். சரித்திரம் எழுதிக்கொண்டிருந்த என் கணவர் இனி லண்டன் பாராளுமன்றத்தில் உட்காரப் போகிறார்.

நான் சொல்ல வந்தது வேறு. போன வாரம் சுரங்கத் தொழிலாளர் மண்டபத்தில் கடைசிக் கூட்டம். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த மோஸ்டின் என்ற கிழவர் எழுந்து நின்றார்.

"புரொபசரே, இருபத்தாறாம் வருஷத்து வேலைநிறுத்தத்துல உம்ம மாமனாரு கருங்காலின்னு உம்ம புத்தகத்துல நீரே எழுதியிருக்கீரு. அந்த வீட்டு மாப்பிள்ளைக்கா எங்க ஓட்டு?"

"அச்சுப் பிழைன்னு சொல்லிடுங்க" என்று பக்கத்திலிருந்த கட்சிக்காரர் எம்ரிஸின் காதைக் கடித்தார்.

எம்ரிஸ் அதற்கு இணங்கவில்லை. "பிழை இல்ல, மோஸ்டின். அவர் சுரங்கத்துக்குள்ள போனாரு. வீட்ல நாலு வயசுப் பையன் நிமோனியாவுல கெடந்தான், மருந்துக்கு வழியில்ல. அதையும் அதே பக்கத்துல எழுதியிருக்கேன். ரெண்டும் நிஜம். ஓட்டுக்காக ஒண்ணையும் அழிக்க மாட்டேன்."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அன்றுதான் அவரை அண்ணாந்து பார்த்தேன்.

மோஸ்டின் தொப்பியைக் கழற்றினார். "பையன் பொழைச்சானா?"

நான்தான் எழுந்து பதில் சொன்னேன். "பொழைச்சான். என் அண்ணன்தான், கார்டிஃப்ல இருக்கான்."

அப்பாவின் பெயர் வந்த வரியோடு நீ புத்தகத்தை மூடிவிட்டதாக உன் மனைவி சொன்னாள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை லண்டன் ரயிலுக்காக கார்டிஃப் ஸ்டேஷனில் காத்திருப்போம். அங்கே டீ நன்றாக இருக்கும்.

உன் தங்கை