சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் அக்கா

செப்டம்பர் 4, வியாழன்

இன்றும் மூக்கில் வாங்கினேன். கொடுத்தது மனிதர் இல்லை, ஸ்பீட் பேக். தொப்பையைக் குறைக்க மாமா வாங்கி, ஒரு நாளும் குத்தாமல் என் தலையில் கட்டிய தோல் பை; பேரிக்காய் மாதிரி இருக்கும். அப்பா என் அறைச் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளை முடுக்கி, மேலே பலகை வைத்து, அதன் அடியில் தொங்கவிட்டிருக்கிறார். குத்தினால் பலகையில் மோதித் திரும்பி வரும். மறுபடி குத்த வேண்டும். படித்தால் எளிது. நூலகப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் படித்துவிட்டுத்தான் முதல் குத்தே குத்தினேன். அது பையில் படவில்லை.

ஆனால் இன்று, மூக்குக்கு முன்னால், கொஞ்ச நேரம் தவறாமல் வந்தது. டகடக டகடக. கயிறு தாண்டினால் கயிற்றோடு விழுகிறவள் நான். எறிந்த பந்தை இதுவரை பிடித்ததே இல்லை. என் கைகளா இவை?

செப்டம்பர் 5, வெள்ளி

பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்தார். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். அவர் கட்டிலும் என் ஸ்பீட் பேக்கும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். கண் சிவந்திருந்தது. கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை.

"சாயங்காலம் என்ன பாப்பா பண்றே? தலைமாட்டுல யாரோ ஆணி அடிக்கிற மாதிரியே இருக்கு. நேத்து டியூட்டில நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். பேஷன்ட் என்னை எழுப்பி, 'உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா'ன்னு கேக்குறாரு."

அவர் போனதும் அப்பா தீர்ப்பு சொன்னார். "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்பேன். சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாது. போச்சுன்னா கழட்டி உங்க மாமாகிட்டயே குடுத்துடுவேன்."

நேரத்தை மாற்றலாம் என்றால் முடியாது. அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு டியூஷன். விடிகாலையில் கட்டடமே தூங்கும்.

மாமாவிடம் போனால் அது மறுபடி, முன்பு இருந்த மாதிரி, அவர் துணி காயப்போடும் கொக்கிதான்.

செப்டம்பர் 6, சனி

மன்னிப்புக் கடிதம் எழுதி அக்காவின் கதவடியில் தள்ளினேன். "என்னால் தங்களுக்கு ஏற்படும் அதிர்ச்சியைக் குறைக்க முழு முயற்சி எடுத்து வருகிறேன்." திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அதிர்வு. அதிர்வு என்று எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டினேன். அறையில் எதிரொலி குறைந்தது. ஆக, சத்தம் போடுகிற எனக்கு மட்டும் நிம்மதி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மிக்சி அதிருதுன்னா அதுக்கு அடியிலதான் துணி மடிச்சு வைப்பேன். சமையலறைச் சுவத்துக்கா ஸ்வெட்டர் போடுவேன்?"

ஒலி பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்து வந்திருக்கிறேன். மூன்றிலும் இது இருந்திருக்கும். நான் படம் உள்ள பக்கங்களை மட்டும் பார்த்திருக்கிறேன் போல.

செப்டம்பர் 9, செவ்வாய்

தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வைத்தாயிற்று. அம்மாவின் பழைய செருப்பை அறுத்தேன். பழையது என்பது என் முடிவு. திருகாணிகளை ரப்பர் பிதுங்குகிற வரை முறுக்கினேன். யாரும் குறை சொல்ல முடியாது.

செருப்பைப் பற்றிச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

அக்காவுக்கு இன்று விடுமுறை. அவர் அறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அப்பா குத்தினார். தும் தும் தும். மேஜையில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

"உங்கப்பாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்றார் அக்கா. பிறகு, "அதிர்ச்சி கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்தக் கடிதம் என்னை விடாது.

வீட்டுக்கு வந்து, ஒரு கையால் பையைக் குத்தி, மறு கை விரலைத் திருகாணித் தலையில் வைத்தேன். பலகை அதிர்கிற அளவுக்கு அதுவும் அதிர்ந்தது. அடச்சே. ரப்பர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதிர்வு திருகாணி வழியாக நேராகச் சுவருக்குள் போகிறது. போதாததற்கு நான் முறுக்கிய முறுக்கில் ரப்பரும் கல்லாகிவிட்டது. நன்றாகச் செய்கிறேன் என்று நினைத்தால் இப்படித்தான் செய்வேனா எப்போதும்?

செப்டம்பர் 13, சனி

அப்பா தாங்கியின் துளைகளைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு திருகாணிக்கும் ரப்பர் குழாயில் சட்டை. தலைக்கு அடியில் ரப்பர் வளையம். இரும்பு இரும்பைத் தொடாது. முறுக்குவதையும் அப்பாவே செய்தார். "நீ தள்ளியே நில்லு."

பலகை லேசாக இருந்தால் அதிகம் அதிரும் என்று படித்தேன் (படமில்லாத பக்கம்). கனம் வேண்டும். என்னிடம் கனமாக இருப்பது என்ன? கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் பலகைமேல் அடுக்கினேன். நாலாவது குத்தில் முதல் தொகுதி என் தலையில் இறங்கியது.

பெட்டி கட்டும் பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம். இனி ஏதாவது பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முக்காலிமேல் ஏற வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கெடு நாள். அக்கா தன் கட்டிலில் தலைமாட்டுச் சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன்.

"ஆரம்பிங்கப்பா."

மூச்சு வாங்கும் சத்தம். "ஆரம்பிச்சு எவ்ளோ நேரமாச்சு. கை விட்டுப் போச்சும்மா."

டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. சுவரில் காதை வைத்தேன். எங்கோ ஒருவர் மெத்தையைத் தட்டுகிற மாதிரி, அதுவும் உற்றுக் கேட்டால்தான்.

"அக்கா, கேக்குதா?"

தூங்கிவிட்டிருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்த எனக்கு ஆன நேரத்தில் ஒரு பாடம் படித்திருக்கலாம்.

செப்டம்பர் 15, திங்கள்

குத்தினேன். மூக்கில் படவில்லை.

செப்டம்பர் 17, புதன்

டியூஷனுக்குக் கிளம்பும்போது அக்கா பாதி வாரிய தலையோடு படியில் ஓடிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு நீ குத்தலையா?"

"குத்தினேனே அக்கா."

"போச்சு போ. அலாரம் அடிச்சதே எனக்குத் தெரியல. உன் சத்தத்துல பாதி முழிப்புலயே கெடப்பேன், அலாரம் கேட்டுடும். இப்பக் கட்டை மாதிரி தூங்குறேன். ரெண்டு நாளா டியூட்டிக்கு லேட்டு."

மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று எனக்கே புரியவில்லை. நல்லவேளை, எழுத்தில் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அக்கா அப்பாவிடமே வந்து அனுமதி வாங்கிவிட்டார். இன்றுமுதல், பயிற்சி முடிந்து டியூஷனுக்குக் கிளம்புமுன் வெறுங்கையால் சுவரில் குத்த வேண்டும், அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்வரை.

முட்டை அட்டையில் கை நுழைகிற அளவு ஓட்டை போட்டிருக்கிறேன். இன்று நாலு குத்து. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டல் வந்தது.

விரல் முட்டி வீங்கியிருக்கிறது. சுவரில் குத்துகிற இடத்தில் கொஞ்சம் ரப்பர் வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முதலில் தன் செருப்பை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.