அழியாது என்ற ஒரு சொல்

வியாழன், இரவு.

போனுக்குப் புது அப்டேட் வரப்போகிறது என்றதிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே கேள்வி: படங்கள் அழியுமா?

இன்று ஓர் அம்மா அதைத் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் என்று கேட்டவுடனேயே தெரிந்தது. நானும் தமிழில் வாய் திறந்தால் “எந்த ஊர்?” என்று தொடங்கி அரைமணி நேரம் போய்விடும். அதனால் சிங்களத்திலேயே மளமளவென்று விளக்கினேன். விளங்காமலே தலையாட்டிவிட்டு எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு.

“ஓம் அம்மா, சாப்பிட்டனான்.”

வாசலில் அவர் திரும்பினார்.

“தம்பி தமிழோ? அப்ப ஒருக்காத் தமிழில சொல்லுங்கோ. படங்கள் அழியுமோ?”

“அழியாது அம்மா.”

“சரி, தம்பி.”

போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்கவேயில்லை.