ரங்கூன் தொட்டியில் ஆசிட் ஊற்றியவன்

மாப்ளே,

பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்னமும் கால் தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. இன்று காலை கோட்டையூர் பெரிய வீட்டில் அப்படித்தான் ஆனது. நாம் சேர்ந்து குழாய் வேலை பார்த்த அதே குளியலறை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த அதே இரும்புத் தொட்டி. வீடு இப்போது விடுதியாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்களின் சீயக்காயெல்லாம் குழாயில் இறுகி, தண்ணீர் விளிம்பு வரை நின்றது. மத்தியானம் ஆள் வருகிறார்கள் என்று மேனேஜர் தம்பி பறந்துகொண்டிருந்தார். பவுடரை அவரே கொட்டிவிட்டார். கையில் ஆசிட் பாட்டில்.

"அதக் கீழ வைங்க தம்பி" என்றேன்.

நாம் வேலைக்கு வந்த அன்றைக்கும் தொட்டியில் பவுடர் கிடந்தது. வேலைக்கார அம்மா போட்டது. நீ மோந்து பார்த்துவிட்டு, "ஆசிட்டு வேணாம்டா, கம்பியிலயே எடுப்போம்" என்றாய். சொன்னால் கேட்கிற ஆளா நான்? கம்பி எடுக்க நீ வண்டிக்குப் போன நேரத்தில் ஊற்றிவிட்டேன். மஞ்சளாகப் புகை கிளம்பியது. கண் தெரியாமல் பக்கத்துக் கதவைத் தள்ளினேன். அது அந்த வீட்டில் இன்னொரு பங்காளிக்குப் பிரிந்த அறை. பூட்டிக் கிடந்தது, சாவி கோயம்புத்தூரில் அவரிடம் இருந்தது. புத்தி கெட்டு அதையே தள்ளிக்கொண்டிருந்தேன். நீ துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்து, சட்டையைப் பிடித்து என்னை இழுத்துப் போட்டாய். நான் இரண்டு நாள் இருமினேன். நீ அந்த மழைக்காலம் முழுக்க இருமினாய்.

"யாரு இத ஊத்துனது?" என்று அந்த வீட்டு ஆச்சி வந்து நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "நாந்தான் ஆச்சி" என்றாய்.

வெளியே வந்து உன்னோடு சண்டை போட்டேன். "ஒம் மகளுக்குச் சம்மந்தம் பேசுறதே இந்த ஆச்சிதான். எனக்கு ஊரெல்லாம் வேல கெடக்கு, போடா" என்று இருமிக்கொண்டே சிரித்தாய்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உன்னை ஒருவரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் போனேன். உன்னை அடக்கம் செய்த ஜனாஸா அன்றைக்குக்கூட உன் வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, உன் ஸ்பிரிங் கம்பியைத்தான் குழாய்க்குள் விட்டேன். உன் மகன் கொடுத்தது. எங்கேயோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. பின்னால் நின்ற மேனேஜர் கேட்டார்: "முன்னாடி ஒரு பாய் இங்ஙன ஆசிட்ட ஊத்திப் பெரிய ரகளையாமே. அதான் பயப்படுறீகளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். இத்தனை வருடமாக அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அவரு ஊத்தல தம்பி. நாந்தான் ஊத்துனேன். அவரு என்னைய வெளிய இழுத்துக் காப்பாத்துனாரு."

நான் கம்பியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சீயக்காயும் முடியுமாக ஒரு கட்டி வந்தது. தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

இனி அந்த வீட்டில் என்னைக் கூப்பிடுவார்களா, தெரியாது. கிளம்பும்போது மேனேஜர், "அந்த பாய் பேரென்ன?" என்று கேட்டார். உன் பேரையும் உன் அத்தா பேரையும் சேர்த்துச் சொன்னேன்.