படிவத்தில் இல்லாத உறவு

அன்புள்ள வாத்தியாரே,

இங்கே நலம். உன் நலத்தை மகள் வந்து சொல்லித்தான் அறிகிறேன். உனக்கு முன்னால் இதைப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ரகசியம் ஒன்றுமில்லை ஐயா, குடும்ப விஷயம்தான்.

சமையலறைக் குழாய் ஒருவழியாக ஒழுகுவதை நிறுத்திவிட்டது. உன் பழைய மாணவர்கள் இருவர் வந்து புத்தகங்களை வெயிலில் வைத்து எடுத்தார்கள். மகளுக்குப் போன வாரம் பதினெட்டு முடிந்தது.

சனிக்கிழமை அவளோடு நானும் வந்திருந்தேன். வழக்கம்போல் அவள் உள்ளே, நான் சைக்கிள்கள் நிற்கும் இடத்தில். இந்த முறையும் படிவம் வாங்கிப் பார்த்தேன். மனைவி, தாய், மகள், சகோதரி என்று கட்டங்கள். ஓரத்தில், 'இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்து வாழ்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன். காவலர் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அப்படி ஒரு கட்டமே இல்லையேம்மா, நான் எங்க டிக் போடறது?" என்றார். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

திரும்பும்போது அச்சகத்து மாடியில் நாம் குடியிருந்த அறை ஞாபகம் வந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேசையில் தம்ளர்கள் தானாக நகரும். பதிவு அலுவலகம் இரண்டே தெரு தள்ளி. "நமக்கு நடுவுல அரசாங்கம் எதுக்கு? அதுக்கு வேற வேலை இல்லையா?" என்றாய். எனக்கு அது பாட்டு மாதிரி இருந்தது. வீட்டுக்காரம்மா கல்யாணப் போட்டோ கேட்டபோது, "போட்டோக்காரன் பிலிம் போட மறந்துட்டான்மா" என்று கூசாமல் சொன்னாய். பாவம், இல்லாத அந்தப் போட்டோக்காரனை அவர் ஒரு வருடம் திட்டித் தீர்த்தார். எவ்வளவு சிரித்தோம்! அந்த நாட்களை இப்போதும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் யாரும் நம்மைக் கண்டுகொள்ளாததைத்தான் நாம் சுதந்திரம் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ. தடையை மீறிக் கூட்டத்தில் பேசியதற்காக உன்னைக் கொண்டுபோனபோதுகூட எனக்கு இப்படித் தோன்றவில்லை. போன மாதம் நீ மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்த செய்தி, மகளுக்கு அப்போது பதினெட்டு ஆகவில்லை என்று உன் அண்ணனுக்குப் போயிற்று. இருபது வருடமாக உன்னோடு பேசாதவர். மனசு கேட்காமல் அவர் எனக்குப் போன் செய்தபோது நான்கு நாள் கடந்திருந்தது. அதில் ஒரு நாள் நான் சினிமாவுக்குப் போயிருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

பதிவாளர் சிறைக்கே வந்து திருமணத்தைப் பதிவு செய்யலாம் என்கிறார் வக்கீல். "இங்க உக்காந்து கையெழுத்துப் போட்டா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாயாம். சொன்னாள். ஜெயிக்கட்டுமே. அவர்களோடு போட உனக்கு ஆயிரம் சண்டை இருக்கிறது. இந்த ஒன்றில் எனக்காகத் தோற்றுப் போ. மகளோ, "அப்பா அம்மா கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடற பாக்கியம் எந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும்?" என்று புதுப் பேனாவே வாங்கிவிட்டாள்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து மேலே இருக்கிறது.

பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க இடது கையை நீ மேசைக்கு மேல் எடுக்கவே இல்லை என்றாள் மகள். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? வலது கையால் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, வாத்தியாரே.

இப்படிக்கு,
உன் மகளின் அம்மா