மெரூன் முதுகுக் கொக்கு

இன்று காலை சாயப்பட்டறையின் நிறம் பார்க்கும் லேபில் ஒரு துணித்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்கா. மெரூன். ஆர்டர் கொடுத்த பையர் கேட்ட நிறம் வரவில்லை, ஊதா கொஞ்சம் தூக்கலாக இருந்தது. "இது இல்ல, கொக்கு முதுகு வரணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்! நீங்கள் இருந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

நான் தெற்கேயிருந்து பிழைக்க வந்து, அவிநாசிபாளையம் ரோட்டில் இருக்கும் இந்தச் சாயப்பட்டறையில் சேர்ந்த புதிது அது. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. எங்கள் பின்சுவரைத் தாண்டினால் உங்கள் தோட்டம். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். இருந்தாலும், நீங்கள் எனக்கு மோர் கொடுத்த முதல் நாளே உங்களை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். நீங்களும் என்னை அம்மிணி ஆக்கிவிட்டீர்கள். அன்றிலிருந்து மதியச் சோறு உங்கள் கிணற்று மேட்டில்தான்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு மெரூன் ஆர்டர். சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியில் விரிசல் விட்டு, சுவருக்கு அடியில் கசிந்து, உங்கள் வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக எனக்குத் தெரியும். சூப்பர்வைசரிடம் சொன்னேன். "உன் வேலை லேபுல. அத மட்டும் பாரு" என்றார். ஊரில் என்னை நம்பி மூன்று பேர் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். உங்கள் கையால் மோரையும் வாங்கிக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன், அதுதான் இன்றைக்கும் சுடுகிறது.

மூன்றாம் நாள் மதியம் அந்தக் குருட்டுக்கொக்கைப் பார்த்தேன். வாய்க்கால் ஓரத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிழவன் மாதிரி குந்தியிருக்குமே, மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாத பறவை. அன்று அதன் முதுகு மெரூன்! நான் நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள். என் கண் தப்பாது என்ற திமிர் வேறு. சந்தேகமே இல்லை, எங்கள் தொட்டியில் தேங்கிக் கிடந்த அதே நிறம். தூக்குவாளியைப் போட்டுவிட்டு உங்களிடம் ஓடிவந்தேன்.

"ஏக்கா, கொக்குமேல எங்க சாயம் ஒட்டிட்டுக்கா! அது செத்துரும்! தொட்டி விரிஞ்சு ரெண்டு நாளா உங்க வாய்க்காலுக்குத்தான் வருது. தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன்க்கா!"

நீங்கள் கொக்கைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மாட்டுத் தீவனத்தட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தீர்கள், சிரித்தீர்கள், அப்படிச் சிரித்தீர்கள்.

"அட என்ற சாமி! அது சாயமில்ல அம்மிணி. கூடு கட்டற பருவம் வந்துருச்சு. ஆணு பொண்ணு ரெண்டுமே இப்படித்தான் நெறம் மாத்திக்கும். குஞ்சு பறந்துட்டா மறுக்கா மண்ணு நெறத்துக்கே வந்துரும்."

என் கையைப் பிடித்து அதன் பக்கத்தில் கூட்டிப்போனீர்கள். ஐந்தடி தூரம் வரும்வரை அசையவில்லை. பிறகு எழும்பிய நேரத்தில் இறக்கை இரண்டும் பளீரென்று வெள்ளை. இத்தனை வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்ததோ! "பக்கத்துல போனாலும் பறக்காதுன்னு குருடுங்கறாங்க. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நம்ம கண்ணுக்குத்தான் அது தெரியறதில்ல" என்றீர்கள்.

சிரிப்பு அங்கேயே நின்றது. என் பக்கம் திரும்பிக் கேட்டீர்கள். "தண்ணி வந்தது நெசமா?"

"நெசந்தான்க்கா."

நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விறுவிறுவென்று வாய்க்காலோடு நடந்தீர்கள். குனிந்து மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தீர்கள். சாயத் தண்ணீர் கிணற்றைத் தொட இன்னும் பத்தடிதான் இருந்தது. மண்வெட்டியை எடுத்து நீங்கள் மண்ணை வெட்டி இழுக்க, நான் கையால் அள்ளிப் போட்டு, இருவருமாக வரப்புக் கட்டி அடைத்தோம். "நீ போயி உன்ற வேலயப் பாரு. உன்ற பேரு எங்கயும் வராது" என்று என்னை அனுப்பிவிட்டு, அந்த ஈரச் சேலையோடே முதலாளியைப் பார்க்கப் போனீர்கள். மறுநாளே தொட்டியைப் பூசினார்கள். கிணறு தப்பியது.

அந்தப் பருவம் முழுக்க நமக்கு அதே வேடிக்கைதான். உங்கள் புளியமரத்தில் சுள்ளி பொறுக்கிக் கட்டிய கூடு, கீழே விழுந்து உடைந்த நீலப்பச்சை முட்டை ஓடு, தவளையைக் கவ்விக்கொண்டு வந்து குஞ்சுக்கு ஊட்டிய தாயோ தகப்பனோ. "தவக்களை இருக்கற பக்கந்தான் இது நிக்கும். இது வராத அன்னிக்குத்தான் நான் பயப்படோணும்" என்பீர்கள். அந்தச் சாயத் தண்ணீரைப் பற்றி மட்டும் பிறகு ஒரு சொல் பேசவில்லை. யார் சொன்னதென்று முதலாளி ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்!

போன மாதம் உங்கள் காரியத்துக்கு முதலாளியும் வந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. இன்றும் எனக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். பந்தலில் உங்கள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "தொட்டி ஒடஞ்சத யாரு சொன்னாங்கன்னு எத்தனையோ தடவ கேட்டனுங்க. ஆளத் தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கியிருப்பேன், அத்தன கோவம். உங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லல. 'எங்க தோட்டத்துக் குருட்டுக்கொக்கு சொல்லுச்சுங்க'ன்னு சிரிச்சே அனுப்பிட்டாங்க."

எத்தனையோ தடவை! என் சோற்றை அத்தனை வருஷம் நீங்கள் பொத்திப் பாதுகாத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியவே இல்லை. உங்களுக்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை, அக்கா. எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"அந்தக் கொக்கு நான்தானுங்க" என்றேன்.

கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். "நெசமான கொக்கு இன்னும் வருதுங்களா?" என்று கேட்டார்.

"வருதுங்க. தெனமும் பாத்துட்டுத்தான் வேலைக்கு வர்றேன்."

இன்றும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். முதுகு மெரூனாகத் தொடங்கிவிட்டது, அக்கா.