மருமகனின் எஞ்சினும் எனது புத்தகமும்

1927 ஆடி 14, இரவு.

மருமகன் சூசையின் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் உடையும் என்று நான் முன்பே சொன்னேன். எங்கள் ஊர் வங்காலையில் எஞ்சினியர்மாரின் பெரிய கைநூல் வைத்திருப்பவன் நான் ஒருவன்தானே! துரைமாரே என்னைக் கேட்டுத்தான் எஞ்சின் பூட்டுவார்கள்.

இன்று மேல்மூடியைப் பூட்டும்போது சூசை கேட்டான்: "மாமா, போல்டை எவ்வளவு இறுக்க வேணும்? புத்தகத்தைப் பாருங்கோ."

விரித்துப் பார்த்து, "இன்னும் இரண்டு சுற்று" என்றேன். போல்ட் முறிந்து மூடியிலும் வெடிப்பு விழுந்தது. இனி அவனது வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை.

"புத்தகம் பிழையோ, மாமா?"

"வெள்ளைக்காரன் பிழையா எழுதிப்போட்டான், மருமோன்."

நம்பிவிட்டான். கோபிக்காமல் தேத்தண்ணியும் தந்தான். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். இறுக்கும் அளவு அந்தப் பக்கத்தில் இருந்திருக்கும். எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. இரண்டு சுற்று என்பது நானாகச் சொன்னது.